அசன் மைதீன் வயலில் எடுத்த படம்

அசன் மைதீன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் ஊரில் ஒன்று பெருநாளாக இருக்கும், இல்லை யாராவது மௌத்தாகியிருப்பார்கள். அன்றைக்கு இரண்டும் இல்லை. ஐப்பசி அடைமழை இரவெல்லாம் கொட்டிவிட்டு விடிந்ததும் தூறலாக இளைத்திருந்தது. கோடகன் கால்வாயில் தண்ணீர் இரு கரையும் தொட்டுக் கலங்கலாகப் போயிற்று. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தொப்பி, மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த கடிகாரம், கையில் குடை என்று மைதீன் வரப்பில் வந்து நின்றதும், நடவுக்கு இறங்கியிருந்த பெண்கள் நாற்றுமுடியை வயலில் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போறியளா?" என்றாள் செல்லக்கிளி. நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவள் அவள்தான்.

"படம் எடுக்காவள்லா. படத்துல சேத்தோடயா நிக்கச் சொல்லுத?"

படம் எடுக்க வந்திருந்தவள் சுகிர்தா. பாளையங்கோட்டைப் பெண், டில்லியில் படித்தவள். நிலம், சோறு, பட்டினி என்று தேசம் தேசமாகப் போய் எடுக்கிறாளாம். பாட்டும் சண்டையும் இல்லாத படம், இருக்கிற மனிதர்களை இருக்கிறபடி எடுப்பது என்று முந்தின நாள் டீக்கடையில் அவள் விளக்கியபோது, "அப்போ அத எவன் பாப்பான்?" என்றுதான் மருதன்குறிச்சிக்காரர்கள் கேட்டார்கள். ஜெர்மனியில் பார்ப்பார்கள் என்றாள். ஊருக்கு அப்புறம்தான் கொஞ்சம் மரியாதை வந்தது. வெளிநாட்டுக்காரன் பார்க்கிறான் என்றால் கழுதைக்கும் நாம் பொட்டு வைக்கிற ஆட்கள்.

"அண்ணாச்சி, தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அதுதான் நல்லாருக்கும்" என்றாள் சுகிர்தா.

"தினமும் கிழிஞ்ச சாரம்லா கட்டிக்கிட்டு நிப்பேன்."

"அதையே கட்டிக்கிடுங்களேன்."

"நல்லாச் சொன்னிய போங்க. கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ள இருக்கு எனக்கு. நாளைக்கு எவனாவது பாத்துட்டு மைதீன் கோவணாண்டிம்பான். நீங்க எடுங்க, நான் இப்படியே நிக்கேன்."

அவள் வற்புறுத்தவில்லை. யாரையும் நடிக்கச் சொல்வதில்லை என்பது அவள் கொள்கை. சேற்றைச் சமப்படுத்தி மரமடிக்க தானியேலைக் கூப்பிட்டிருந்தார் மைதீன். தானியேல் பலகையில் ஏறி நின்று மாடுகளை அதட்ட, பெண்கள் குனிந்து நட, மைதீன் குடையோடு வரப்பில் நிற்க, காமிராக்காரன் பாக்கியசீலன் பேசாமல் எடுத்துக்கொண்டே போனான். வயலைச் சுற்றி நின்ற ஜனமெல்லாம், மைதீன் ஜமீன்தார் கணக்காக இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டது.

மைதீன் வரப்பில் நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவருக்குக் குனிய முடியாது. முந்தின வருஷத்துக் கார்ப் பருவ அறுப்பில் கட்டு ஏற்றின வண்டியிலிருந்து மல்லாக்க விழுந்தவர். எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் இடுப்பு அன்றைக்கிருந்து ஒரு முழத்துக்கு மேல் வளையாது. தொழுகையைக்கூட நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். அதை வெளியே சொல்வதில்லை. குத்தகைக்காரனுக்கு இடுப்பு போயிற்று என்று தெரிந்தால் நிலம் போயிற்று என்று அர்த்தம்.

நிலம் வைத்தியலிங்கம் பிள்ளையுடையது. ஒரு கோட்டை விதைப்பாடு, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். மைதீனின் வாப்பா காலத்திலிருந்து இவர்கள்தான் உழுகிறார்கள். பிள்ளைவாள் இருந்தவரை பிசான அறுப்புக்கு இவ்வளவு, கார் அறுப்புக்கு இவ்வளவு என்று நெல்லை அளந்து போட்டால் சரி. மழை பொய்த்த வருஷம், "இருக்கத அள வே" என்று போய்விடுவார். அவர் காலமானதும், சென்னையில் வேலையாக இருக்கிற மகன் கோமதிசங்கர் நிலத்தை விற்றுவிட நினைத்தார். ரோட்டோரத்து நிலம், மனையாகப் போகும். கெட்ட மனிதரல்ல. வீட்டுக்கே வந்து, "மைதீன் அண்ணே, ஏதாவது வாங்கிக்கிட்டு விட்டுக் குடுத்திருங்க, நமக்குள்ள எதுக்கு மனத்தாங்கல்" என்று கேட்டார். மைதீன் மாட்டேன் என்றார். திருநெல்வேலியில் குத்தகை வழக்கு விசாரிக்கிற ஆபீசர் முன்னால் கேஸாகிவிட்டது.

சட்டம் ஒன்று இருந்தது. குத்தகைக்காரன் தன் உடம்பாலோ, தன் குடும்பத்தார் உடம்பாலோ அந்த நிலத்தில் பாடுபட்டால் அவனை லேசில் எழுப்ப முடியாது. ஆளைவிட்டுச் செய்துவிட்டு மேற்பார்வை பார்க்கிறவனாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மைதீன் கூலிக்கு ஆள் விட்டு மேற்பார்வைதான் பார்க்கிறார் என்பது கோமதிசங்கர் கட்சி.

அப்படியானால் உண்மையில் பாடுபட்டது யார்? ஊருக்கே தெரியும். மைதீன் விழுந்ததிலிருந்து அந்த வயலைத் தூக்கி நிறுத்தியது அவர் மனைவி ஜமீலா பீவி. சுபுஹு தொழுததும், அவருடைய பழைய நீலக் கட்டம்போட்ட சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, இருட்டு பிரியுமுன் வயலுக்குப் போய்விடுவாள். களை பறிப்பது, வரப்பு வெட்டுவது, மடை திறப்பது, உரம் வீசுவது எல்லாம் அவள்தான். வெயில் ஏறும்போது வீட்டுக்குள் இருப்பாள். அந்தத் தெருப் பெண்கள் வயலில் இறங்குகிற வழக்கம் கிடையாது. கடைக்குப் போவதே பையன்களை அனுப்பித்தான்.

அதனால் மருதன்குறிச்சியில் ஒரு ஏற்பாடு இருந்தது. யாரும் கூடிப் பேசிச் செய்ததல்ல. அந்நேரத்தில் கால்வாய்க் கரையில் நீலச் சட்டை எதிரே வந்தால், வருகிற ஆள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கடந்துவிடுவார். பால்காரர் மணியடிக்கமாட்டார். செல்லக்கிளிகூட அவளோடு ஒரே வயலில் நின்று பறித்துவிட்டு, பகலில் அவளை வீட்டு வாசலில் பார்த்தால், "என்ன மைனி, வெளியவே காணும்" என்பாள். நம்மூரில் மரியாதை என்பது பாதி பார்க்காமல் இருப்பதுதான்.

படம் எடுத்த அன்று மத்தியானம் சுகிர்தா வீட்டுக்குள் காமிராவோடு வந்தாள். நெல் விளைவிக்கிற வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சி குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதை எடுக்கவேண்டும் என்று ஆசை. ஜமீலா பீவி விடிந்ததுமே கஞ்சிப்பானையைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டாள். பக்கத்து வீட்டில் சீரகச் சம்பா கைமாற்று வாங்கி, நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி வைத்திருந்தாள்.

"அக்கா, நீங்க தினமும் சாப்பிடுறது இதுதானா?"

"உக்காருங்க தாயி. ஆறிரும்."

"நீங்க வயல் வேலைக்குப் போவீங்களா அக்கா?"

ஜமீலா பீவி காமிராவைப் பார்த்தாள். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அதன் பின்னால் மகள் ஷம்ஸியா நின்றாள். மேலப்பாளையத்து ஹசன் அலி வீட்டில் அவளுக்குச் சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை சவூதியிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பொம்பளைகள் வயலுக்குப் போகிற வீடாக இருக்கக்கூடாது.

"இன்னுங் கொஞ்சம் தாளிச்சா விடுதேன்" என்றாள் ஜமீலா பீவி. "பட்டணத்துல இதெல்லாம் எங்க கெடைக்கப் போவுது."

பாக்கியசீலன் மட்டும் மறுநாள் பஸ் ஏறுமுன், யாரிடமும் சொல்லாமல், விடிகாலையில் கால்வாய்க் கரையில் காமிராவை நிறுத்தி மூடுபனியை எடுத்துக்கொண்டு போனான்.

தை பிறந்து, பிசானம் கதிர் வாங்கும்போது படத்தின் காசெட் வந்தது. சுகிர்தா வெளிநாடு போயிருந்ததால் மைதீனின் வக்கீல் பியூலாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். பியூலா வயதில் சின்னப் பெண். ஏழைப்பட்ட கேஸ்களைக் காசு வாங்காமல் எடுக்கிறவள். வண்ணார்பேட்டையில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூடத்தில் வைத்து ஊருக்கே போட்டுக் காட்டினாள்.

படம் விடிகாலையில் ஆரம்பித்தது. பனி, கால்வாய், தூரத்தில் பொதிகை மலையின் நிழல். நட்ட வயலின் நடுவே, பனிக்குள் ஒரு ஆள் குனிந்து, சாய்ந்த நாற்றை ஊன்றுகிறான். நீலக் கட்டம்போட்ட சட்டை, முண்டாசு. முகம் தெரியவில்லை. எவ்வளவோ நேரம் அந்த ஆள் நிமிரவே இல்லை. அப்புறம் ஆப்பிரிக்காவில் ஒரு கிழவி வெடித்த மண்ணைக் கையால் தள்ளினாள். பிரேசிலில் வேலி போட்ட நிலத்துக்கு வெளியே ஒரு குடும்பம் அடுப்பு மூட்டியது. பிறகு வெள்ளைச் சட்டையில் மைதீன், குடையோடு. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முதல் காட்சியில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது யாரென்று தெரிந்தது. சிலர் டி.வி.யை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். வழக்கம் அப்படி.

பியூலா கெட்டிக்காரி. பஸ்ஸுக்குப் போகிற வழியில் செல்லக்கிளியைப் பிடித்து, "அந்த மொத ஆளு யாரு?" என்று கேட்டாள். செல்லக்கிளி முதலில் தெரியாது என்றாள். அப்புறம், "நான் சொன்னேன்னு சொல்லாதிய" என்றாள்.

மறுநாளே பியூலா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இதவிட சாட்சி வேற வேணாம். குடும்பத்தாளு வேலை செஞ்சாப் போதும்னு சட்டமே சொல்லுது. ஆபீசர் முன்னால படத்தப் போடுதேன். அது யாருன்னு கேப்பேன். எம் பொண்டாட்டின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அம்மாவும் ஆமான்னு சொல்லட்டும். முடிஞ்சு போச்சு."

மைதீன் தரையைப் பார்த்தார். "படத்துல நான் குடைய வச்சுக்கிட்டு நிக்கேனே."

"அத அவங்க சொல்லத்தான் செய்வாங்க. ஒங்க இடுப்பு டாக்டர் சீட்டு இருக்கு. வேலையெல்லாம் அம்மா செஞ்சாங்கன்னு ஆயிட்டா, நீங்க நின்னா என்ன, ஒக்காந்தா என்ன?"

"பொம்பளைய ஆபீசுல கொண்டுபோயி நிறுத்தி, இவ வயல்ல வேல பாக்கான்னு எப்படிம்மா சொல்லுவேன்? நாளைக்கு மேலப்பாளையத்துல காதக் கடிச்சுப் பேசுவானுவ."

"ரூமுக்குள்ள ஆபீசர், ரெண்டு வக்கீலு, டைப்படிக்கவரு, கோமதிசங்கர் சாரு. அவ்வளவுதான். மேலப்பாளையத்துக்கு யாரு போய்ச் சொல்லப்போறா?"

அதுவரை கதவோரம் நின்ற ஜமீலா பீவி முன்னால் வந்தாள்.

"நான் சொல்லுதேன்மா" என்றாள். "செஞ்சதத்தான சொல்லச் சொல்லுத. களவா செஞ்சேன்? சொல்லுதேன்."

"ஏளா..."

"இந்தாருங்க, நிலம் போயிட்டா சீர்வரிசைக்கு எங்க போவிய? அது ஒங்களுக்கு யோசனையில்ல?" மைதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

மைதீன் சரி என்றார். அன்றிரவு ஜமீலா பீவி பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். பிள்ளை கல்யாணம் முடிந்துவிட்டால் விடிந்து வயலுக்குப் போகலாம், கால் பார்த்து வைக்கலாம், பாம்புக்குப் பயப்படவேண்டாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

விசாரணை நாளன்று திருநெல்வேலி ஆபீஸ் வாசலில் அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, வேப்பமரத்தடியில் ஹசன் அலி நின்றுகொண்டிருந்தார். கையில் அல்வாப் பொட்டலம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்ன சம்மந்தி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? கோர்ட்டு காரியத்துக்குத் தனியா வருவாகளா? நாளைக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணாகப் போறவுக."

"வ அலைக்கும் ஸலாம். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்..."

"செரமம் என்ன செரமம். மகன் போன மாசம் போன்ல பேசும்போதே கேட்டான், மாமா கேஸ் என்னாச்சுன்னு. நான் பக்கத்துல இருக்கேன், தைரியமா சொல்லுங்க."

நல்ல மனிதர். அவருடைய நல்ல குணம்தான் அன்றைக்கு வினையாக வந்தது. நீங்கள் வெளியே இருங்கள் என்று சம்பந்தியிடம் சொல்கிற வாய் மைதீனுக்கு இல்லை. பியூலா சொல்லிப் பார்த்தாள். "நானும் குடும்பத்தாளுதாம்மா" என்று அவர் உள்ளே வந்து மைதீனுக்குப் பின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜமீலா பீவி வெளியே வராந்தா பெஞ்சில், ஜன்னலை ஒட்டி இருந்தாள். கூப்பிடும்போது போனால் போதும்.

டி.வி.யை மேசைமேல் வைத்தார்கள். ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பனி வந்தது, கால்வாய் வந்தது, நீலச் சட்டை வந்தது.

"இங்கன நிறுத்துங்க" என்றாள் பியூலா. படம் நடுங்கிக்கொண்டு நின்றது. "மைதீன் அண்ணாச்சி, இது யாரோட வயல்?"

"நான் குத்தகைக்குச் செய்யுத வயல்தான்."

"அதுல குனிஞ்சு வேலை செய்யுதது யாரு?"

மைதீன் படத்தைப் பார்த்தார். பின்னால் ஹசன் அலி, நன்றாகப் பார்ப்பதற்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. எதிரே கோமதிசங்கர் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கு வருகிற நாட்களில் அவரும் காலையில் கால்வாய்க் கரையில் நடக்கிறவர்தான். அந்தச் சட்டையை அவருக்குத் தெரியும்.

"சொல்லுங்க அண்ணாச்சி. யாரு அது?"

ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கூலியாளு, ஐயா" என்றார் மைதீன்.

பியூலா அவர் பக்கத்தில் போய் நின்று, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"பாத்துட்டேன்மா. கூலியாளுதான்."

"பேரு?" என்று கேட்டார் ஆபீசர்.

"பேரு தெரியாதுய்யா. அன்னன்னைக்கு வருவாக, போவாக."

டைப் அடிக்கிறவர் அதைத் தட்டினார். ஜமீலா பீவியைச் சாட்சிக்குக் கூப்பிடவேண்டாம் என்று மைதீன் கையெடுத்துக் கும்பிட்டார். படத்தை மேலே ஓட்டச் சொன்னார் எதிர்க்கட்சி வக்கீல். வெள்ளைச் சட்டை வந்தது, குடை வந்தது, கடிகாரம் வந்தது. அவர் அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை.

ஜன்னல் திறந்தேதான் இருந்தது. வராந்தாவில் ஜமீலா பீவி, ஹசன் அலி கொடுத்த அல்வாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். குளத்தில் இறங்கினவளுக்குக் காது அடைத்துக்கொள்வதுபோல இருந்தது, அவ்வளவுதான். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தாள், முடியவில்லை. தான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போமோ என்னமோ. ஆனாலும் பேர் தெரியாது என்று சொன்னதை மட்டும் அவளால் எங்கேயும் வைக்க முடியவில்லை.

வெளியே வந்து ஹசன் அலி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "நிலத்த விடுங்க சம்மந்தி, அல்லா வேற வழி காட்டுவான்" என்றார். மைதீன் தலையாட்டினார். பியூலா டெக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பஸ்ஸில் மைதீன் முன்னால், ஜமீலா பீவி பின்னால் பெண்கள் சீட்டில். வீட்டுக்கு வந்து அவள் சோறு போட்டாள். ரேஷன் அரிசிதான். அவர் சாப்பிட்டார்.

"உப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றார்.

அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி அந்த வீட்டில் பேசிக்கொள்ளவே இல்லை. உத்தரவு கோமதிசங்கர் பக்கம் வந்தது. அப்பீல் போடலாம் என்று பியூலா எழுதினாள். மைதீன் பதில் போடவில்லை. பிசானத்தை அறுத்துக்கொள்ள விட்டார்கள். அந்த நெல்லையும் மாடுகளையும் விற்று ஷம்ஸியாவின் கல்யாணம் நடந்தது. குறை சொல்ல முடியாத கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணியை மெச்சினார்கள். பெண் மேலப்பாளையத்துக்குப் போனாள், நன்றாக இருக்கிறாள்.

கார் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் திறந்தபோது, அந்த ஒரு கோட்டை விதைப்பாட்டில் வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. தண்ணீர் பழக்கத்தில் மடைவரைக்கும் வந்து, அடைத்திருந்த மண்ணில் முட்டித் திரும்பிப் போயிற்று. மைதீன் காலையில் எழுந்து அங்கே போய் நிற்பார். பிறகு டீக்கடைக்குப் போவார். டீக்கடையில் யாரும் அவரிடம் கேஸைப் பற்றிக் கேட்பதில்லை.

ஜமீலா பீவி செல்லக்கிளியிடம் போய், "எனக்கும் நடவுக்கு ஒரு எடம் போடுளா" என்றாள்.

"மைனி, பகல்லயா?"

"பகல்லதான். இனி எதுக்கு ஒளிக்கணும்? பிள்ளயத்தான் கரையேத்தியாச்சே."

நீலக் கட்டம்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நல்ல வெயிலில், தெரு வழியாகவே அவள் நடவுக்குப் போனாள். முதல் நாள் எதிரே வந்தவர்கள் பழக்கத்தில் தண்ணீரைப் பார்த்தார்கள். பால்காரர் மணியடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றார். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. மைதீன் மட்டும் அவள் போகிற நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

ஆனி மாதக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் சுகிர்தா வந்தாள். பியூலாவிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அந்தப் படத்துக்கு ஜெர்மனியில் பரிசு கிடைத்திருந்தது. அந்த முதல் காட்சியைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்களாம். கோடகன் கால்வாய் ஓரத்து வேறொருவர் வயலில் செல்லக்கிளி கூட்டம் நட்டுக்கொண்டிருந்தது. சுகிர்தா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கி, நீலச் சட்டைக்கு நேராக வந்து நின்றாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன. நல்லாருக்கியா தாயி? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்கா." அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "படத்தைத் திரும்ப வெளியிடப் போறாங்க. அதுல எல்லாருக்கும் கீழே பேரு இருக்கு. உங்களுக்கு மட்டும் இல்ல. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்குக்கா. இப்போ போட்டுருவேன். உங்க பேரை முழுசாச் சொல்லுங்க."

வரிசையில் இருந்த பெண்களின் கைகள் நின்றன. செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். ஜமீலா பீவியின் கை நிற்கவில்லை. முடியிலிருந்து நாற்றைப் பிரித்து, சேற்றில் ஊன்றி, ஒரு எட்டுப் பின்னால் வைத்து, அடுத்ததைப் பிரித்தாள்.

"கூலியாளுன்னு போட்டுக்கோ தாயி" என்றாள். "கோர்ட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு."